"எல்லாம் ஓகே மேம்" என்று சொல்லும் குழுவை என்ன செய்வது?

ஒரு வாசகியின் கேள்வி இது: "எட்டு வருடம் சாஃப்ட்வேரில் பேக்எண்ட் டெவலப்பராக இருந்தேன். நான்கு மாதங்களுக்கு முன் ஏழு பேர் கொண்ட குழுவுக்கு என்னை மேனேஜராக்கினார்கள். தினமும் காலையில் நடக்கும் சிறு கூட்டமான ஸ்டாண்டப்பில் எல்லாரும் 'ஆன் டிராக்' என்கிறார்கள். ஸ்பிரின்ட் (குறிப்பிட்ட கெடு வைத்த வேலைச் சுற்று) முடியும்போது பாதி வேலை அப்படியே நிற்கிறது. தனியாகக் கூப்பிட்டுப் பேசினால் 'எல்லாம் ஓகே மேம்' என்பதோடு முடிந்துவிடுகிறது. போன வாரம் ஒரு ஜூனியர் தவறான கான்ஃபிகரேஷனைப் புரொடக்ஷனில் (வாடிக்கையாளர்கள் பயன்படுத்தும் நேரடி அமைப்பில்) போட்டுவிட்டு, மூன்று மணி நேரம் யாரிடமும் சொல்லவில்லை. மேலிடம் பெயர் கேட்கிறது. இதற்கிடையில் நான் கோட் எழுதியே மூன்று மாதம் ஆகிறது. பேசாமல் பழைய வேலைக்கே திரும்பிவிடலாமா?"

முதலில் அவசரமானதை முடித்துவிடலாம். அந்த ஜூனியர் பையனின் பெயரை எழுதி அனுப்பாதீர்கள். பதிலாக இப்படி எழுதுங்கள்: "இது என் குழுவில் நடந்தது, பொறுப்பு என்னுடையது. என்ன நடந்தது, அதை எங்கள் அமைப்பு ஏன் தடுக்கவில்லை, எதை மாற்றப் போகிறோம் என்பதை வியாழக்கிழமைக்குள் எழுத்தில் தருகிறேன்." சொன்ன நாளில் கொடுத்தும் விடுங்கள். அவர்கள் நினைத்தால் யார் எதை மாற்றினார்கள் என்று பதிவாகும் கிட் லாகைப் பார்த்துப் பெயரைக் கண்டுபிடித்துவிடலாம்தான். ஆனால் பெயர் உங்கள் வாயிலிருந்து போகவில்லை என்பது குழுவுக்கு எப்படியும் தெரிந்துவிடும். நீங்கள் இப்போது செய்யப்போவதை ஏழு பேரும் கவனித்துக்கொண்டிருக்கிறார்கள்.

சரி, இப்போது அந்த மூன்று மணி நேரத்துக்கு வருவோம். தவறான கான்ஃபிகரேஷனைத் திரும்ப எடுப்பது பெரும்பாலும் பத்து நிமிட வேலை. மூன்று மணி நேரம் ஆனதற்குக் காரணம், சொன்னால் என்ன ஆகும் என்று அந்தப் பையன் மனதுக்குள் போட்ட கணக்கு. யாருக்கும் தெரியாமல் சரிசெய்துவிட்டால் தப்பித்துவிடலாம் என்று அந்தக் கணக்கு சொல்லியிருக்கும். இதே கணக்கைத்தான் உங்கள் குழுவில் ஏழு பேரும் தினமும் காலையில் ஸ்டாண்டப்பில் போடுகிறார்கள். "ஆன் டிராக்" என்பதும், "ஓகே மேம்" என்பதும், அந்த மூன்று மணி நேரமும் ஒரே நோயின் அறிகுறிகள்தான். கெட்ட செய்தி சொல்பவருக்கு உங்கள் குழுவில் செலவு அதிகம். அந்தச் செலவைக் குறைப்பதுதான் முதல் ஆறு மாதத்தில் உங்கள் வேலை. ஸ்பிரின்ட், எஸ்டிமேட், அப்ரைசல் எல்லாம் அதற்கு அப்புறம்.

இதைப் பட்டுத்தான் கற்றுக்கொண்டேன். மேனேஜரான முதல் வருடம், இரவில் ஓட வேண்டிய ஒரு பேட்ச் ஜாப் இரண்டு முறை ஓடிவிட்டது. வாடிக்கையாளர்கள் பலருக்கு ஒரே பில் இரண்டு தடவை போனது. பன்னிரண்டு பேர் இருந்த கான்ஃபரன்ஸ் காலில் நான் கேட்டது ஒரே கேள்விதான்: "யார் இதை டிப்ளாய் பண்ணினது?" திட்டவில்லை, குரலையும் உயர்த்தவில்லை. ஒரு பெண் மெல்ல "நான்தான் சார்" என்றார். அவ்வளவுதான், அதோடு அது முடிந்தது என்று நினைத்தேன்.

ஐந்து மாதம் கழித்து ஒரு சர்வரில் டிஸ்க் நிரம்பி, சனி ஞாயிறு இரண்டு நாளும் சர்வீஸ் படுத்துவிட்டது. விசாரித்தால், குழுவில் இரண்டு பேருக்கு ஒன்பது நாட்களாகவே அது தெரிந்திருக்கிறது. தினமும் இரவு உட்கார்ந்து பழைய லாக் ஃபைல்களைக் கையால் அழித்து, காதும் காதும் வைத்தாற்போல் சமாளித்திருக்கிறார்கள். "ஏன்பா என்கிட்ட சொல்லல?" என்றேன். அதில் ஒருவர் சொன்னார்: "அன்னிக்கு அந்தக் கால்ல நாங்களும் இருந்தோம் சார்."

அந்த பதில் இன்னும் காதில் இருக்கிறது.

பின்னாளில் ஹார்வர்டு ஆய்வாளர் எமி எட்மண்ட்சனின் ஆய்வைப் பற்றிப் படித்தபோது இது சரியாகப் புரிந்தது. 1990களில் அவர் மருத்துவமனைகளில் செவிலியர் குழுக்களை ஆராய்ந்தார். நன்றாக ஒத்துழைக்கும் குழுக்களில் மருந்து கொடுப்பதில் தவறுகள் குறைவாக இருக்கும் என்று எதிர்பார்த்தார். கணக்கு தலைகீழாக வந்தது. நல்ல குழுக்களில்தான் தவறுகள் அதிகம் பதிவாகியிருந்தன. மேலும் தோண்டியபோது, அந்தக் குழுக்கள் தவறுகளை வெளிப்படையாகப் பேசின, அதனால்தான் அவை பதிவேட்டுக்கு வந்தன என்பது தெரிந்தது. மற்ற குழுக்களில் தவறு நடந்தது, ஆனால் புதைக்கப்பட்டது. 1999இல் ஒரு உற்பத்தி நிறுவனத்தின் 51 குழுக்களை வைத்து அவர் வெளியிட்ட ஆய்வுக்குப் பிறகு 'உளவியல் பாதுகாப்பு' என்ற சொல் பரவலானது. நம் மொழியில் சொன்னால், வாயைத் திறந்தால் அடி விழாது என்ற நம்பிக்கை. கூகுள் 2012இல் தொடங்கி தன்னுடைய சுமார் 180 குழுக்களை ஆராய்ந்தபோதும் இதுதான் முதலிடத்தில் வந்தது. குழுவில் யார் யார் இருக்கிறார்கள் என்பதைவிட, அவர்கள் ஒருவரை ஒருவர் எப்படி நடத்துகிறார்கள் என்பதுதான் முக்கியம் என்று தெரிந்தது.

இதிலிருந்து உங்களுக்கு உடனே தேவைப்படும் ஒரு விஷயம் உண்டு. நீங்கள் சரியாகச் செய்தால், அடுத்த இரண்டு மாதத்தில் உங்கள் குழுவில் பிரச்சினைகளின் எண்ணிக்கை ஏறும். டிக்கெட் (வேலையையும் பிரச்சினையையும் பதியும் சீட்டு) கூடும், "இது லேட் ஆகும்" என்ற பேச்சு கூடும். உங்கள் மேலதிகாரிக்கு இதை இப்போதே சொல்லி வையுங்கள். இல்லையென்றால், குழு தேறிவரும் நேரத்தில் "இவங்க வந்ததிலிருந்து நிலைமை மோசமாயிடுச்சு" என்று பேர் வந்துவிடும்.

தவறு நடந்த பிறகு எப்படி உட்கார்ந்து பேசுவது என்பதில்தான் குழுவின் குணம் உருவாகிறது. இதற்கு, டெவலப்பர்கள் தங்கள் கோட் முழுவதையும் சேமித்து வைக்கும் தளமான கிட்லேப் நிறுவனத்தில் 2017 ஜனவரி 31 அன்று நடந்ததைவிட நல்ல பாடம் எனக்குத் தெரியாது. இரவு நேரம், டேட்டாபேஸில் சுமை ஏறி, ஒரு இன்ஜினியர் பல மணி நேரமாகப் போராடிக்கொண்டிருந்தார். துணை சர்வரில் இருந்த டைரக்டரியை அழிப்பதாக நினைத்து, முதன்மை சர்வரில் கட்டளையைக் கொடுத்துவிட்டார். ஓரிரு நொடியில் புரிந்து நிறுத்தினார். அதற்குள் சுமார் 300 ஜிபியில் 4.5 ஜிபிதான் மிச்சம்.

பேக்கப்பைத் தேடினார்கள். தினமும் எடுப்பதாக நம்பியிருந்த பேக்கப் பல நாட்களாக எடுக்கப்படவே இல்லை. டேட்டாபேஸ் 9.6 பதிப்பில் இருக்க, பேக்கப் கருவி 9.2 பதிப்பில் ஓடித் தோற்றுக்கொண்டிருந்தது. ஒவ்வொரு முறை தோற்கும்போதும் அது மின்னஞ்சலும் அனுப்பியிருக்கிறது. அந்த மின்னஞ்சல்கள் சரியாகக் கையொப்பமிடப்படாததால் மெயில் சர்வர் அவற்றை நிராகரித்துவிட்டது. கெட்ட செய்தி புறப்பட்டது, ஆனால் யாரிடமும் வந்து சேரவில்லை. கடைசியில் காப்பாற்றியது எது தெரியுமா? ஆறு மணி நேரத்துக்கு முன் அதே இன்ஜினியர் வேறொரு வேலைக்காகக் கையால் எடுத்து வைத்திருந்த ஒரு ஸ்னாப்ஷாட், அதாவது டேட்டாபேஸின் நகல். அந்த ஆறு மணி நேரத்துத் தரவு போனது போனதுதான். சுமார் 5,000 புராஜெக்டுகளும் 5,000 கமென்ட்களும் 700 புதிய பயனர் கணக்குகளும் பாதிக்கப்பட்டன.

அந்த நிறுவனம் மீட்பு வேலையை யூடியூபில் நேரலையாகக் காட்டியது. பின்னர் வெளியிட்ட அறிக்கையில் அந்த இன்ஜினியருக்கு வைத்த பெயர் 'டீம் மெம்பர் 1'. அறிக்கை முழுவதும் பேசியது கருவிகளைப் பற்றி: பேக்கப்பைச் சோதித்துப் பார்க்கும் பொறுப்பு யாரிடமும் இல்லை, இரண்டு சர்வரும் திரையில் ஒரே மாதிரி தெரிந்தன, இப்படி. அந்த மனிதரை வெளியே அனுப்பியிருந்தால் இரண்டு நாளில் கதை முடிந்திருக்கும், பேக்கப் பிரச்சினை அப்படியே இருந்திருக்கும்.

நீங்களும் இந்த வாரம் இப்படி ஒரு கூட்டம் போடுங்கள். அந்தப் பையனை முந்தின நாளே தனியாகச் சந்தித்து, கூட்டத்தில் என்ன பேசப் போகிறோம் என்று சொல்லிவிடுங்கள். கூட்டத்தைத் தொடங்கும்போது, கான்ஃபிகரேஷன் ரிவ்யூ இல்லாமல் புரொடக்ஷனுக்குப் போகும் வழி நான்கு மாதமாக உங்கள் கண்முன்தான் இருந்தது, நீங்கள் அதை அடைக்கவில்லை என்று நீங்களே முதலில் ஒப்புக்கொள்ளுங்கள். உண்மையும் அதுதானே? அப்புறம் நிமிடவாரியாக என்ன நடந்தது என்று பலகையில் எழுதுங்கள்.

ஒரு சொல்லில் மட்டும் கவனம் வேண்டும். தமிழில் "ஏன்" என்று தொடங்கும் கேள்வி பாதி நேரம் கேள்வியே கிடையாது, அது திட்டு. "ஏன் இப்படிப் பண்ணினே?" என்று வீட்டில் அம்மா கேட்டால் யாராவது காரணம் சொல்வோமா? தலையைக் குனிந்து நிற்போம். அலுவலகத்திலும் உடம்பு அதையேதான் செய்யும். அதனால் "அந்த நேரத்தில் உங்கள் திரையில் என்ன தெரிந்தது?", "எது சரி என்று நினைத்து அடுத்த அடி எடுத்தீர்கள்?", "யாரிடமாவது கேட்க நினைத்தீர்களா, எது தடுத்தது?" என்று கேளுங்கள். அந்த மூன்றாவது கேள்விக்கு வரும் பதிலில்தான் உங்கள் மூன்று மணி நேரம் ஒளிந்திருக்கிறது. பதில் உங்களைப் பற்றியதாகவும் இருக்கலாம். அப்படி வந்தால் தற்காத்துப் பேசாதீர்கள், எழுதிக்கொள்ளுங்கள்.

கூட்டத்தின் முடிவில் இரண்டு, மூன்று மாற்றங்களுக்கு மேல் எடுக்க வேண்டாம். ஒவ்வொன்றுக்கும் ஒரு ஆள், ஒரு தேதி. முக்கியமாக, கான்ஃபிகரேஷனைச் சரிபார்த்துத் தானாகப் பின்வாங்கும் ஏற்பாட்டை அந்தப் பையனிடமே கொடுங்கள், பக்கத்தில் ஒரு சீனியரையும் உட்கார வையுங்கள். தண்டனையாகத் தெரியக் கூடாது. அந்த ஓட்டை எங்கே இருக்கிறது என்று இப்போது குழுவிலேயே அதிகம் தெரிந்தவர் அவர்தான்.

கெட்ட செய்தியை மனிதர்கள் மட்டும் மறைப்பதில்லை, சத்தமும் மறைக்கும். 2012 ஆகஸ்ட் 1 அன்று அமெரிக்காவின் நைட் கேபிடல் என்ற பங்கு வர்த்தக நிறுவனத்தில், எட்டு சர்வர்களில் ஒன்றில் மட்டும் புதிய கோட் போடப்படாமல் விடுபட்டுவிட்டது. சந்தை திறந்த பின் சுமார் 45 நிமிடத்தில் நஷ்டம் 46 கோடி டாலருக்கும் மேல். சந்தை திறப்பதற்கு முன்பே, பிழையைக் குறிப்பிட்டு 97 மின்னஞ்சல்களை அந்த அமைப்பே ஊழியர்களுக்கு அனுப்பியிருந்தது. அவை எச்சரிக்கையாக வடிவமைக்கப்பட்டவை இல்லை, யாரும் அவற்றைப் படிக்கும் வழக்கமும் இல்லை. உங்கள் அலர்ட் சேனலை ஒரு வாரம் எண்ணிப் பாருங்கள். பத்தில் எட்டுக்கு யாரும் எதுவும் செய்வதில்லை என்றால், அந்த எட்டையும் எடுத்துவிடுங்கள்.

இனி "ஓகே மேம்". "எப்படிப் போகுது?" என்று நீங்கள் கேட்டிருப்பீர்கள். நம் ஊரில் அது "சாப்டாச்சா?" மாதிரி ஒரு மரியாதை விசாரிப்பு. பசியோடு இருந்தாலும் "ஆச்சு"தான் பதில். அதனால் பதில் சொல்பவர்மேல் தவறில்லை, கேள்வியை மாற்ற வேண்டும். குறிப்பாகக் கேளுங்கள்: "இந்த வாரம் நினைத்ததைவிட அதிக நேரம் தின்றது எது?" "நம்மிடம் இருக்கும் கோடில் தொடவே பயமாக இருக்கும் இடம் எது?" "நான் எதை நிறுத்தினால் உங்கள் வேலை லேசாகும்?" கடைசிக் கேள்விக்கு முதல் இரண்டு மூன்று தடவை "ஒண்ணுமில்ல மேம்" என்றுதான் வரும். நீங்களே ஒன்றை எடுத்துக் கொடுங்கள்: "நேற்று டிசைன் பேசும்போது உங்களை முடிக்க விடாமல் குறுக்கே பேசிவிட்டேன், அது எப்படி இருந்தது?" கதவு கொஞ்சம் திறக்கும்.

ஒவ்வொருவரையும் தனியாகச் சந்திக்க வாரம் அரை மணி நேரம், ஏழு பேருக்கு மூன்றரை மணி நேரம். ரிலீஸ் வாரத்திலும் தள்ளி வைக்காதீர்கள். தள்ளினால், அந்த நபர் ரிலீஸைவிடக் கீழே என்று சொன்னதாக ஆகும். சிப் நிறுவனமான இன்டெலை நடத்திய ஆண்டி குரோவ் 1980களிலேயே இந்தச் சந்திப்பை முன்னிறுத்திச் சொன்னார். அது மேனேஜரின் கூட்டம் இல்லை, கீழே வேலை செய்பவரின் கூட்டம், என்ன பேசுவது என்பதை அவர்தான் தீர்மானிக்க வேண்டும் என்பது அவர் கருத்து. ஸ்டேட்டஸ் கேட்க அந்த நேரத்தைப் பயன்படுத்தாதீர்கள், அதற்கு டிக்கெட்டுகளைக் காட்டும் போர்டு இருக்கிறது. முடிந்தால் கண்ணாடி அறையை விட்டு வெளியே போங்கள். என் அனுபவத்தில், ஓ.எம்.ஆர். சர்வீஸ் ரோட்டு டீக்கடைக்கு நடந்து போகும் பத்து நிமிடத்தில் வருகிற பேச்சு மீட்டிங் ரூமில் ஒரு மணி நேரம் உட்கார்ந்தாலும் வராது. எதிரெதிரே உட்காராமல் பக்கத்தில் நடப்பதாலோ என்னவோ.

முதல் கெட்ட செய்தி ஒருநாள் வரும். பெரும்பாலும் மிகச் சிறியதாக, உங்களைச் சோதித்துப் பார்க்கும் அளவில் வரும். "மேம், அந்த ஏபிஐ வேலை வெள்ளிக்கிழமைக்குள்ள முடியாது போலிருக்கு." அந்த நொடியில் உங்கள் முகம் எப்படி இருக்கிறது என்பதை வைத்துத்தான் அடுத்த ஒரு வருடம் அவர் உங்களிடம் பேசுவார். "இப்பவே சொன்னது நல்லது" என்று சொல்லி, என்ன உதவி வேண்டும் என்று கேளுங்கள். இரண்டு நாளுக்குள் ஏதாவது ஒன்றைச் செய்து காட்டுங்கள். சொல்லி ஒன்றும் நடக்கவில்லை என்றால், அடுத்த முறை சொல்ல மாட்டார்கள். பயத்தால் வாயை மூடுபவர்களைவிட, சொல்லிப் பயனில்லை என்று மூடுபவர்களைத் திரும்பப் பேச வைப்பது கஷ்டம்.

இங்கே ஒரு கேள்வி, கொஞ்சம் கடினமானது. நீங்கள் மேலே என்ன சொல்கிறீர்கள்? உங்கள் டைரக்டரின் வாரக் கூட்டத்தில் நீங்களும் "ஆன் டிராக்" என்றுதான் சொல்கிறீர்களா? பெரும்பாலான புது மேனேஜர்கள் அப்படித்தான், நானும் அப்படித்தான் இருந்தேன். குழு அதைப் பார்த்துக் கற்றுக்கொள்ளும். டெட்லைனுக்கு மூன்று வாரம் முன்னால் "இது நடக்காது" என்று சொன்னால் உங்கள் கையில் வழிகள் இருக்கும்: இந்த இரண்டு அம்சங்களைக் குறைக்கலாம், அல்லது தேதியை பத்து நாள் தள்ளலாம், எது வேண்டும்? மூன்று நாள் முன்னால் சொன்னால் மன்னிப்பு மட்டும்தான் கேட்க முடியும். அப்போது மேலிடம் "இன்னும் மூன்று பேர் தர்றோம்" என்று சொல்லும். கேட்க நன்றாக இருக்கும். ஐபிஎம்மில் ஓஎஸ்/360 என்ற இயங்குதளத்தின் உருவாக்கத்தை நடத்திய ஃபிரெட் புரூக்ஸ், தாமதமான மென்பொருள் வேலையில் ஆள் சேர்த்தால் அது மேலும் தாமதமாகும் என்று 1975இலேயே எழுதிவிட்டார். ஏழு பேருக்குள் பேச்சுப் பாதைகள் 21, பத்துப் பேரானால் 45. புதியவர்களுக்குச் சொல்லிக்கொடுக்கப் போவதும் வேலை தெரிந்த அதே ஆட்கள்தான்.

ஸ்டாண்டப்பில் ஆளுக்கு ஆள் சுற்றி வருவதை நிறுத்திவிட்டு, போர்டில் முடியும் தறுவாயில் இருக்கும் டிக்கெட்டிலிருந்து தொடங்கி "இதை முடிக்க எது தடை?" என்று கேளுங்கள். பேச்சு ஆளிடமிருந்து வேலைக்குத் திரும்பும். மூன்று நாளுக்கு மேல் இழுக்கும் டிக்கெட்டை உடையுங்கள். ஏழு பேரும் ஏழு வேலை எடுக்காமல், ஒரே நேரத்தில் நான்கு அல்லது ஐந்து என்று வரம்பு வையுங்கள். பாதி வேலை நிற்பதில் பெரும்பகுதி இதிலேயே குறையும்.

கோட் ரிவ்யூ (ஒருவர் எழுதியதை இன்னொருவர் சரிபார்ப்பது) பற்றி ஒரு வரி: ஒரு நாளுக்குள் பார்க்கப்பட வேண்டும், இடைவெளி, அரைப்புள்ளி சண்டையையெல்லாம் தானாகச் சரிசெய்யும் ஃபார்மேட்டரிடம் விட்டுவிடுங்கள், சீனியர் எழுதியதை ஃப்ரெஷரும் ரிவ்யூ செய்யட்டும்.

ஆன்கால் (இரவிலும் விடுமுறையிலும் கோளாறு வந்தால் எழுந்து பார்க்கும் முறை) பற்றியும் பார்த்துவிடலாம், ஏனென்றால் களைத்த ஆள் எதையும் சொல்ல மாட்டார். அமெரிக்க வாடிக்கையாளர்கள் இருந்தால், நியூயார்க்கில் காலை 9.30 என்பது நமக்குக் கோடையில் இரவு 7, குளிர்காலத்தில் 8. அவர்களுடைய வேலை நாள் நம் மாலையில் தொடங்கி நள்ளிரவைத் தாண்டி ஓடும். ஒரே ஊரில் இருக்கும் குழுவில் ஆன்காலைச் சுழற்சியில் தாங்க குறைந்தது எட்டுப் பேர் வேண்டும், ஒரு ஷிஃப்டில் இரண்டு சம்பவங்களுக்கு மேல் வரக் கூடாது என்பது சர்வீஸ்கள் நிற்காமல் ஓடுவதைப் பார்த்துக்கொள்ளும் கூகுளின் எஸ்.ஆர்.இ. பிரிவு வைத்த கணக்கு. உங்கள் குழுவில் ஏழு பேர். நீங்களும் சேர்ந்தால் எட்டு. சேருங்கள். இரவு 2 மணிக்கு எழுப்பும் அலர்ட் எவ்வளவு அபத்தமானது என்று நேரில் தெரிந்த மேனேஜர்தான் அதைச் சரிசெய்ய ஸ்பிரின்டில் இடம் கொடுப்பார். இரவு எழுந்தவருக்கு மறுநாள் காலை ஸ்டாண்டப் கிடையாது என்பதையும் விதியாக்கிவிடுங்கள். அனுமதி கேட்கும் நிலையில் வைத்தால் யாரும் கேட்க மாட்டார்கள்.

அப்ரைசலுக்கு வருகிறேன். வருடத்துக்கு ஒருமுறை நடக்கும் அந்தக் கூட்டத்தில் ஒருவர் தன்னைப் பற்றி முதல்முறையாக ஒரு குறையைக் கேள்விப்பட்டால், அது உங்கள் தவறு. ஒவ்வொருவருக்கும் மாதம் இரண்டு வரி எழுதி வையுங்கள். செய்தது என்ன, யாருக்கு உதவினார், எங்கே தடுமாறினார். இல்லாவிட்டால் பிப்ரவரியில் நடந்தது மட்டும்தான் மார்ச்சில் நினைவிருக்கும். சத்தமில்லாமல் டெஸ்ட்டைச் சரிசெய்பவர், புதிதாக வந்தவருக்கு உட்கார்ந்து சொல்லிக்கொடுப்பவர், இவர்களெல்லாம் காணாமல் போய்விடுவார்கள். உங்கள் நிறுவனத்தில் பெல் கர்வ் (இத்தனை பேர் மேலே, இத்தனை பேர் கீழே என்று முன்பே விகிதம் வைத்து மதிப்பிடும் முறை) இருந்தால் இன்னும் கவனம் தேவை. பக்கத்து ஆள் மேலே போனால் நான் கீழே போவேன் என்ற ஏற்பாட்டில் யார் யாருக்கு உதவுவார்கள்? மைக்ரோசாஃப்ட் பல வருடம் அப்படி வரிசைப்படுத்திப் பார்த்துவிட்டு, 2013 நவம்பரில் அதைக் கைவிட்டது. உங்களால் அந்த விதியை மாற்ற முடியாமல் போகலாம். யாரை எதனால் எங்கே வைத்தீர்கள் என்பதை அவரவரிடம் நேராகச் சொல்ல முடியும். "ஹெச்.ஆர். பண்ணிட்டாங்க" என்று கைகழுவ வேண்டாம்.

வளர்ச்சியைப் பற்றிப் பேசும்போது எல்லாரும் மேனேஜராக விரும்புவதாக எடுத்துக்கொள்ளாதீர்கள். நம் குடும்பங்களில் "பத்து வருஷம் ஆச்சே, இன்னும் உங்களுக்குக் கீழ யாரும் இல்லையா?" என்று கல்யாண வீட்டில் வைத்தே கேட்பார்கள். அந்த ஒரு கேள்விக்குப் பயந்து அருமையான இன்ஜினியர்கள் பிடிக்காத வேலைக்குப் போனதைப் பார்த்திருக்கிறேன். ஸ்டாஃப் இன்ஜினியர், பிரின்சிபல் இன்ஜினியர் என்று கோடிங் பாதையிலேயே மேலே போகும் ஏணி பல தயாரிப்பு நிறுவனங்களில் உண்டு. உங்கள் இடத்தில் அது உண்மையிலேயே இருக்கிறதா, அல்லது காகிதத்தில் மட்டும்தானா என்று ஹெச்.ஆரிடம் கேட்டுத் தெளிந்துகொண்டு பேசுங்கள். உங்கள் கையில் இல்லாத புரொமோஷனை வாக்காகக் கொடுக்காதீர்கள். "அடுத்த சைக்கிளில் பார்க்கலாம்" என்று இரண்டு முறை கேட்டவர் மூன்றாவது முறை கேட்க மாட்டார், பேப்பர் போட்டுவிடுவார். தொண்ணூறு நாள் நோட்டீஸ் பீரியட் உங்களுக்குக் கிடைக்கும். ஆனால் அவர் அந்த முடிவை எடுத்து அரை வருடம் ஆகியிருக்கும்.

கடைசியாக உங்களைப் பற்றி. கோட் எழுதாத நாளின் மாலையில் "இன்று என்ன செய்தேன்?" என்று கை காலியாகத் தோன்றுவது எனக்கு ஒரு வருடத்துக்கு மேல் இருந்தது. அது பொய்யான உணர்வும் இல்லை. டெஸ்ட் பாஸ் ஆனால் அந்த நொடியே பச்சை விளக்கு எரியும். ஒரு ஆள் தேறுவதைப் பார்க்க எட்டு மாதம் ஆகும். மேனேஜர்களே தேவையா என்று கூகுளுக்கும் சந்தேகம் வந்தது. 2002இல் இன்ஜினியரிங் மேனேஜர்களையே எடுத்துப் பார்த்தார்கள். செலவுக் கணக்கு, ஆட்களுக்குள் சண்டை என்று எல்லாம் நேராக நிறுவனர்களில் ஒருவரான லாரி பேஜிடமே போக, சில மாதங்களில் திரும்பக் கொண்டுவந்தார்கள். சில வருடம் கழித்து நல்ல மேனேஜரிடம் என்ன இருக்கிறது என்று ஆராய்ந்து எட்டுக் குணங்களை வரிசைப்படுத்தியபோது தொழில்நுட்ப அறிவு எட்டாவதாக வந்தது. கடைசி இடம்தான், ஆனால் பட்டியலில் இருந்தது. அதனால் கோட் எழுதுவதை முழுக்க விட வேண்டாம். யாரும் காத்திருக்காத வேலையாக எடுங்கள். டெஸ்ட் எழுதுங்கள், பழைய பிழைகளைத் தோண்டுங்கள், ரிவ்யூ பாருங்கள். ரிலீஸ் நிற்கும் அளவுக்கு முக்கியமான ஒன்றை மட்டும் எடுக்காதீர்கள், நீங்கள் மீட்டிங்கில் இருக்கும்போது குழுவே உங்களுக்காகக் காத்திருக்கும்.

திரும்பிவிடலாமா என்று கேட்டீர்கள். நான்கு மாதம் போதாது, இப்போது நீங்கள் பார்ப்பது உங்கள் வேலையை இல்லை, முன்பே இருந்த மௌனத்தை. இன்னும் எட்டு மாதம் கொடுங்கள். அதற்குள் உங்கள் உதவியே இல்லாமல் குழுவில் ஒருவர் ஒரு பெரிய சிக்கலை அவிழ்ப்பார். அன்று உங்களுக்குள் என்ன ஓடுகிறது என்று கவனியுங்கள். உள்ளுக்குள் மகிழ்ச்சி வந்தால் இருங்கள். "நான் அவிழ்த்திருக்கலாமே" என்ற ஏக்கம் மட்டும் வந்து, அது ஒவ்வொரு முறையும் வந்தால், திரும்பிப் போவதில் ஒரு குறையும் இல்லை. என்னோடு வேலை பார்த்த இரண்டு பேர் அப்படிப் போனார்கள், இரண்டு பேருமே நன்றாக இருக்கிறார்கள். மேனேஜராக இருந்த காலம் வீணாகவில்லை, டிசைன் பேசும்போது எதிரில் இருப்பவரின் தயக்கம் அவர்களுக்குத் தெரிகிறது.

போவதென்றால் அப்ரைசல் சைக்கிள் தொடங்கும் முன்பே உங்கள் டைரக்டரிடம் பேசிவிடுங்கள். பதவிப் பெயரும் சம்பளமும் என்ன ஆகும் என்பதை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். உங்கள் இடத்துக்கு யார் வரலாம் என்பதையும் நீங்களே யோசித்துச் சொல்லுங்கள். அப்புறம், அது முடிவான அன்றே அந்த ஏழு பேரிடமும் நேரில் சொல்லிவிடுங்கள். கேன்டீனில் வேறு யாரோ சொல்லி அவர்கள் கேள்விப்படக் கூடாது.